வெரிகோஸ் வெயினுக்கு லேசரா, பசையா? செய்தவர்கள் சொல்லுங்கள்

கடலூர் முதுநகரில் அம்மாவுக்கு மீன் வியாபாரம், நாள் முழுக்க நின்றபடிதான். இடது காலில் ரத்தக்குழாய் சுருண்டு புடைத்து, கணுக்காலுக்கு மேல் தோலும் கறுத்துவிட்டது. டாப்ளர் ஸ்கேனில் அந்த ரத்தக்குழாயின் வால்வு பழுதாகி ரத்தம் கீழே திரும்புவது தெரிந்தது. டாக்டர் லேசர் அல்லது ரேடியோ அலை சொல்கிறார். இரண்டுமே சூட்டால் உள்ளிருந்து ரத்தக்குழாயை மூடுபவை; அதற்குக் கால் நெடுக மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். ரத்தக்குழாயை ஒட்டி மூடும் பசை முறையில் அந்த ஊசிகள் வேண்டாம், செலவுதான் கூடுதலாம். கீறி உருவும் பழைய ஆபரேஷன் இல்லை என்றதும்தான் அம்மா சம்மதித்தார்.

புதுச்சேரி ஜிப்மரில் இதைச் செய்துகொண்டவர்கள் உண்டா? எந்தப் பிரிவில் காட்ட வேண்டும்? தனியாரில் முதல்வர் காப்பீடு எடுபடுமா? அப்புறம், இந்தப் புழுக்கத்தில், இதற்குப் போடச் சொல்லும் இறுக்கமான காலுறையை எப்படிச் சமாளித்தீர்கள்? எண்ணெய் வைத்தியம் மட்டும் வேண்டாம், அதைச் சொல்லத் தெருவே இருக்கிறது.