அமராவதி ஆற்று மணலில் எடுத்த காசு: காப்பாற்றியதா, தொலைத்ததா?

பானையோடு
சில நாள் முன்பு நம் பழங்காசுக் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். உள்ளங்கையில் சதுரமான செப்புக்காசுகள். ஒரு பக்கம் யானை, அதன் முதுகுக்கு மேலே சின்னச் சின்னக் குறிகள். மறுபக்கம் வெறும் கோடுகளால் ஆன மீன். சங்க காலப் பாண்டியர் காசு, சந்தேகமே இல்லை. கீழே வரிசையாக "அருமை", "கொடுத்து வைத்தவர்", "விற்பீர்களா?". எங்கே கிடைத்தது என்று நான் கேட்டதற்கு வந்த பதில்: "மதுரைப் பக்கம்."

இதைத்தான் எதிர்க்கிறேன். காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது, கூடவே எந்தப் பானை ஓடு இருந்தது, தரைக்கு மேலா கீழா, இதெல்லாம் சேர்ந்தால்தான் அது சான்று. 1947இல் கர்நாடகத்தில் உள்ள சந்திரவள்ளியில் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமப் பேரரசன் திபேரியஸின் வெள்ளிக்காசு கிடைத்தது. அது கிடந்த அடுக்கு தெரிந்ததால், அதோடு இருந்த சாதவாகனர் காலப் பொருள்களுக்கும் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அதே காசு ஒரு வியாபாரியின் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் எதற்குக் காலம் சொல்லும்?

சேகரிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வாங்குவதால்தான் தோண்டுகிறார்கள்.

கருவூரான்
கோபமெல்லாம் இல்லீங்க மேடம். ஆனால் கடைசி வரி தப்பு. கரூர்ப் பக்கம் அமராவதி ஆற்றில் காசுக்காக யாரும் குழி போடவில்லை. மணலைச் சலித்தவர்கள் பொன்துகள் கிடைக்குமா என்றுதான் சலித்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு சல்லடையில் நிற்கும் கூழாங்கல்லோடு காசும் நின்றது. நாங்கள் வாங்காவிட்டால் அது அருங்காட்சியகத்துக்கு நடந்து போயிருக்காது. வெள்ளி என்றால் ஆசாரி உருக்குகிற மூசைக்குள், செம்பு என்றால் பழைய பாத்திரத்தோடு எடைக்கு.

அப்படி மணலில் இருந்து வந்ததுதான் சேர மன்னன் மாக்கோதையின் காசு. ரோமக் காசைப் பார்த்துச் செய்தது போல ஒரு முகம், தலைக்கு மேலே தமிழ் பிராமியில் 'மாக்கோதை'. குட்டுவன் கோதை காசும் அப்படித்தான். பாண்டியர் பக்கம் 'பெருவழுதி' என்று எழுத்துப் பொறித்த செப்புக்காசை 1980களின் நடுவில் உலகுக்குச் சொன்னவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அவர் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், சேகரிப்பாளர். அகழாய்வுக் குழியில் எடுத்த காசு இல்லை அது. சங்க கால மன்னர்கள் பெயர் போட்டுக் காசு அடித்தார்களா என்ற கேள்விக்கு அதுவரை ஆளுக்கொரு ஊகம்தான் இருந்தது. முடித்து வைத்தது சேகரிப்பாளர் கையில் இருந்த ஒரு காசு.

இதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசுங்கள்.

வைகைக்கரை
ஒருவர் நல்லவர் என்பதால் ஊரெல்லாம் நல்லவரா? அவர் எழுதினார், வெளியிட்டார். இங்கே பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பவர்கள் எத்தனை பேர்? பழங்காசு மக்கள் சொத்து. எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சுக்கே இடமில்லை.

கருவூரான்
எடுத்துக்கொண்டு எங்கே வைப்பார்கள் தம்பி? அதற்கும் ஒரு பெட்டி, ஒரு பூட்டுதானே?

பானையோடு
வைகைக்கரை, உங்கள் ஆதரவு எனக்கு வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள் :) பறிமுதல் என்று சொன்னால் நாளைக்கே எல்லாக் காசும் உருகிவிடும்.

கருவூரான் ஐயா, பெருவழுதி காசையே எடுத்துக்கொள்வோம். அது எந்தப் பெருவழுதி? பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி இருக்கிறார். கானப்பேரெயில் கடந்த உக்கிரப் பெருவழுதி இருக்கிறார். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியும் உண்டு. எழுத்தின் வடிவத்தை வைத்து ஒருவர் ஒரு நூற்றாண்டு சொன்னால் இன்னொருவர் அடுத்த நூற்றாண்டுக்கு இழுக்கிறார். அந்தக் காசு ஒரு குழியில், கரித்துண்டு கிடந்த தரையில் கிடைத்திருந்தால் இந்த இழுபறி இவ்வளவு நாள் ஓடியிருக்காது. சேகரிப்பாளர் பெயரைக் காப்பாற்றினார், சரி. காலம் மண்ணோடு போய்விட்டது.

கருவூரான்
நல்ல அடி. ஆனால் முழுசாக விழவில்லை.

குழியில் கிடைத்தாலும் அடுக்கு சொல்வது அந்தக் காசு மண்ணில் விழுந்த காலத்தைத்தான், அடித்த காலத்தை இல்லை. நல்ல வெள்ளி நூறு வருடம்கூடக் கைமாறும். ரோமப் பேரரசன் நீரோ கி.பி. 64 வாக்கில் தினாரியஸ் என்ற வெள்ளிக்காசின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தான். நம்மூர்ப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் வெள்ளிக்காசுகளே குவிந்து கிடக்கின்றன. தரம் குறைந்த புதுக்காசை இங்கே யாரும் விரும்பவில்லை, பழசையே கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அப்படியென்றால் திபேரியஸ் காசு கிடைத்த அடுக்கு திபேரியஸ் காலத்து அடுக்கு என்று எப்படிச் சொல்வது? அதற்கு முன்னால் போகாது என்று மட்டும்தான் சொல்லலாம். உங்கள் சந்திரவள்ளிக்கும் இது பொருந்தும்.

மூன்று பெருவழுதிகளை ஐம்பது வருட இடைவெளியில் பிரித்துச் சொல்கிற அளவுக்கு எந்தக் கரித்துண்டும் நுணுக்கமாகப் பேசாது. கார்பன் காலக்கணிப்பில் வருகிற முன்பின் கணக்கே அதைவிடப் பெரிசு.

பானையோடு
முன்பின் கணக்கு உண்மை. அதனால்தான் ஒன்றை மட்டும் நம்பாமல் காசு, ஓடு, கரி, எழுத்து எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறோம். சேர்த்துப் பார்க்கக் கூட இருந்தது இருக்க வேண்டுமே, அதுதான் என் வாதம்.

கூட இருந்தது என்றால் என்ன பலன் என்பதற்குப் புதுக்கோட்டை. 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரைக்கும் உள்ளவை. அவற்றில் மிகப் பெரும்பாலான காசுகளில் பேரரசன் தலைக்குக் குறுக்கே ஒரு வெட்டு. உளியால் ஒரே போடு. ஏன் வெட்டினார்கள் என்பதில் இன்றும் சண்டை. தேய்ந்து எடை குறைந்தவற்றைப் புழக்கத்தில் இருந்து எடுக்க என்று ஒரு கருத்து, உள்ளே மட்ட உலோகம் இருக்கிறதா என்று சோதிக்க என்று இன்னொன்று. எதுவாகவும் இருக்கட்டும். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான காசுகளில் அந்த வெட்டு இருந்ததால்தான் அது யாரோ முடிவெடுத்துச் செய்த வேலை என்று நமக்குத் தெரிகிறது. அந்தக் காசுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்திருந்தால்? "முகத்தில் சேதம்" என்று விலையைக் குறைத்து விற்றிருப்பார்கள். வாங்கியவரும் நல்ல முகம் உள்ள காசாகப் பார்த்து அடுத்த மாதம் மாற்றிக்கொண்டிருப்பார்.

எடைக்கல்
இது சரியான அடி. நானும் சேகரிப்பவன்தான், ஆனால் இதற்கு என்னிடம் பதில் இல்லை. வெட்டுப்பட்ட காசை நானே ஒதுக்கியிருப்பேன்.

கருவூரான்
ஒத்துக்கொள்கிறேன், புதையல் என்று வந்தால் மேடம் சொல்வதுதான். ஒரே பானைக்குள் கிடைத்ததைப் பிரிக்கவே கூடாது. ஆற்றுக் காசு வேறு. வெள்ளம் ஏற்கனவே அடுக்கையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டது. அங்கே நான் வாங்கி என்னத்தைக் கலைக்கப் போகிறேன்?

பானையோடு
ஆற்றிலும் எந்த வளைவு, எந்தக் கரை என்பது வேண்டும். வைகை கடலில் கலக்கிற இடத்தில் அழகன்குளத்தில் அகழாய்வில் பிற்கால ரோமச் செப்புக்காசுகள் கிடைத்தன, பேரரசன் வாலண்டினியன் காலத்துச் சின்னத் துண்டுகள். யாரும் திரும்பிப் பார்க்காத தேய்ந்த செம்பு. ஆனால் ரோமோடு இருந்த தொடர்பு நான்காம் நூற்றாண்டிலும் ஏதோ ஒரு வடிவில் இருந்தது என்று அதை வைத்துத்தான் தைரியமாகப் பேச முடிகிறது.

கருவூரான்
திரும்பிப் பார்க்காதவர்கள் யார்? கரூரிலும் மதுரையிலும் ஆற்று மணலில் வந்த அதே பிற்கால ரோமச் செப்புகளைப் பொறுக்கி, எடை போட்டு, தனி நூலே எழுதியிருக்கிறார் அதே கிருஷ்ணமூர்த்தி. திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணையில் வந்த குதிரை போட்ட, மலையமான் என்ற குறுநில மன்னர்களின் காசுகளையும் அப்படித்தான் அடையாளம் கண்டார்கள். ஊர்ப்பெயர் எழுதி வைத்த சேகரிப்பாளர் இல்லாமல் அது நடந்திருக்குமா?

சட்டநகல்
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ரெண்டு பேரும் சட்டத்தைத் தொடவே இல்லை.

1878ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் பங்கு போய்விடும், ஒரு வருடம் வரை சிறைத்தண்டனையும் உண்டு. உரிமையாளர் யாரும் இல்லை என்று ஆனால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இதுவரை நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் என்ன விலை தெரியுமா? அந்தப் பொருளின் உலோக மதிப்பு, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு. வரலாற்று மதிப்புக்குக் கணக்கே இல்லை.

பொன் என்றால் பரவாயில்லை. ரெண்டு மூன்று கிராம் செம்பு எடுத்தவனுக்கு அந்தக் கணக்கில் என்ன வரும்? அவன் ஏன் கலெக்டர் அலுவலகத்துக்கு அலைய வேண்டும்?

இங்கிலாந்தில் 1996இல் கொண்டுவந்த சட்டத்தில் சந்தை மதிப்பைக் கணக்கிட்டு வெகுமதி தருகிறார்கள். புதையல் கணக்கில் வராத உதிரிக் காசையும் தானாக முன்வந்து பதிவு செய்யத் தனித் திட்டம் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேல் பொருள்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. நான் அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கேயும் உலோகம் தேடும் கருவியோடு வயலில் திரிபவர்களைப் பற்றித் தொல்லியலாளர்களுக்குப் புகார் உண்டு.

வைகைக்கரை
அப்படியானால் சேகரிப்பவர்கள் எல்லாரும் சட்டப்படி குற்றவாளிதானே? நான் சொன்னது சரிதான்.

சட்டநகல்
இல்லை. வைத்திருப்பதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள். அதை வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டிய வகைகளாக அறிவித்தவை சிற்பம், ஓவியம் போன்றவை. காசு அந்தப் பட்டியலில் இல்லை. பாதிப் பிரச்சினை அங்கேதான். யாரிடம் என்ன இருக்கிறது என்று எங்கேயும் பதிவாகவில்லை.

புதுக்காசு
அக்கா, அண்ணே, சண்டைக்கு நடுவில் ஒரு சின்னக் கேள்வி. தாத்தா டிரங்குப் பெட்டியில் வட்டமான செப்புக்காசு கொஞ்சம் இருக்கிறது. ஒரு பக்கம் ஒருவர் நிற்கிறார், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் எழுத்து. பச்சையாக இருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? எழுத்து தமிழ் மாதிரியே இல்லையே?

எடைக்கல்
தேய்க்காதே! புளி, எலுமிச்சை, பிரஷ் எதுவும் வேண்டாம். நீ சொல்வதைப் பார்த்தால் ராஜராஜன் பெயர் போட்ட காசு. எழுத்து நாகரி, 'ஸ்ரீ ராஜராஜ'. கல்வெட்டெல்லாம் தமிழில் வெட்டினவன் காசில் மட்டும் ஏன் நாகரி போட்டான் என்பது தனித் திரி ஆரம்பிக்க வேண்டிய விஷயம். இந்தக் காசு இங்கேயும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கிறது, அதனால் பெரிய விலையை எதிர்பார்க்காதே.

அந்தப் பச்சைக் களிம்பு வெறும் அழுக்கு இல்லை. போன வருடம் ஒரு வியாபாரி எழுத்துப் பொறித்த பாண்டியர் காசு என்று ஒன்றைக் காட்டினார். காசு அசல்தான், யானையும் மீனும் ஒழுங்காக இருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேல்பரப்பு முழுக்கக் கறுத்த பச்சை, எழுத்தின் பள்ளத்துக்குள் மட்டும் செம்பு பளிச்சென்று சிவப்பு. ஆயிரக்கணக்கான வருடம் மண்ணில் கிடந்த எழுத்துக்குள் களிம்பு ஏறாமல் இருக்குமா? வெறும் காசில் யாரோ போன மாதம் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். காசு முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கி இருந்தால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு வழியே இருந்திருக்காது.

பானையோடு
பார்த்தீர்களா கருவூரான் ஐயா? பெயர் போட்ட காசுக்குச் சந்தையில் மவுசு வந்ததும் பெயர் வெட்ட ஆள் வந்துவிட்டார்கள். நாளைக்கு ஒரு 'புதிய மன்னன்' வியாபாரி பையில் இருந்து வெளிவந்தால் நான் அதை எப்படி நம்புவது? குழியில் எடுத்த காசுக்கு இந்தச் சந்தேகமே வராது.

கருவூரான்
வருகிற சந்தேகம் நியாயம். அதற்குத்தான் எடை, விளிம்பு, களிம்பு, உலோகக் கலவை என்று வரிசையாகப் பார்க்கிறோம். குழியில் கிடைக்கும் வரை காத்திருப்போம் என்றால் மாக்கோதைக்கு இன்னும் காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, நான் ஒன்று செய்கிறேன். என்னிடம் உள்ள கரூர்க் காசுகளின் படம், எடை, அளவு, கிடைத்த இடம் எல்லாவற்றையும் இங்கேயே பொதுவில் போடுகிறேன். ஆய்வு செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எடைக்கல்லும் சேர்ந்துகொள்ளட்டும்.

எடைக்கல்
சேர்கிறேன். சந்தேகக் காசையும் போடுவேன், ஒளிக்க மாட்டேன்.

பானையோடு
போடுங்கள். ஆனால் 'கிடைத்த இடம்' என்று தலைப்புப் போட்டு "கரூர்" என்று எழுதினால் நான் ஏற்க மாட்டேன். 'யார் சொன்னது' என்று தனியாக ஒரு பத்தி வேண்டும். சலித்தவரே சொன்னாரா, வியாபாரி சொன்னாரா, வியாபாரிக்கு யாராவது சொன்னார்களா என்று. கரூர் என்றால் விலை கூடும் என்று தெரிந்தால் திருச்சியில் வந்ததையும் கரூர் என்று சொல்லத்தான் செய்வார்கள்.

கருவூரான்
அந்தப் பத்தியில் பாதிக்கு மேல் "வியாபாரி" என்றுதான் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பானையோடு
வரட்டும். அதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை
படம் போட்டதும் அடுத்த நிமிடம் "விற்பீர்களா" என்று கேட்க ஆள் வரும், பாருங்கள்.

புதுக்காசு
அண்ணே, நான் விற்கவில்லை. எடை போட எந்தத் தராசு வாங்க வேண்டும்?

எடைக்கல்
நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரி, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிற மின்னணுத் தராசு போதும். ஒவ்வொரு காசையும் மூன்று முறை வைத்து எடு. களிம்போடுதான் எடுத்தேன் என்று பக்கத்தில் குறித்துவிடு. விளிம்பைத் தனியாக ஒரு படம் எடுத்துப் போடு, முகத்தை மட்டும் எடுத்து அனுப்பாதே.