கட்டி வைத்த பாசிப்பயறில் வண்டு எங்கிருந்து வந்தது?

களத்துமேடு: பயறு அடித்துத் தூற்றி மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, புதுச் சாக்கில்தான் கட்டினேன். பக்கத்தில் பழைய தானியம் ஒரு பிடிகூடக் கிடையாது. நாற்பது நாள் கழித்துப் பிரித்தால் உள்ளே கை வைக்க முடியாத சூடு, அடியில் மாவு மாதிரி தூள், பயறில் வட்ட வட்டமாக ஓட்டை. புதுச் சாக்குக்குள் இது எப்படி நுழைந்தது?

ஈரமண்: நுழையவில்லை, நீங்களே வயலிலிருந்து கொண்டுவந்திருக்கிறீர்கள். காய் முற்றும்போதே வண்டு அதன்மேல் முட்டை வைத்துவிடும், புழு தோலைத் துளைத்துப் பயறுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், போன வழி கண்ணுக்கே தெரியாது. முட்டையிலிருந்து வண்டாக நாலைந்து வாரம் ஆகும், உங்கள் நாற்பது நாள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இப்போது பயறுமேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கிறதா பாருங்கள், அது அடுத்த தலைமுறையின் முட்டை. முற்றிய காயைச் செடியிலேயே விட்டுவைக்காமல் அவ்வப்போது பறித்தால் பாதி தொல்லை குறையும்.

உப்புப்புட்டி: காய்ச்சல் போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி பயறும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள், உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது. அப்புறம், வெயிலிலிருந்து அள்ளிய சூட்டோடு கட்டவே கூடாது, ஆறியபின் கட்டுங்கள்.

ஈரமண்: உப்பு ஒட்டாவிட்டால் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே என்று மட்டும்தான் தெரியும். பயறுக்கு அது போதாது, 10க்குக் கீழே இறங்க வேண்டும், பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும். அப்படிக் காய்ந்தாலும் உள்ளே இருக்கிற புழு சாகாது. அதற்குக் காற்றை அடைப்பதுதான் வழி, மூச்சு விட்டே உள்ளே இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அடங்கிவிடும்.

களத்துமேடு: சரி, இருக்கிற பயறை என்ன செய்வது? வெள்ளைப் புள்ளி நிறைய இருக்கிறது.

ஈரமண்: சலித்துத் தூளையும் வண்டையும் தூரப் போடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பில் விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற தாளை மூடி, ஓரத்தை மடக்கிக் கல் வைத்து, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே 60 டிகிரி வந்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். விதைப் பயறை இதில் போட நான் துணியமாட்டேன். மீதியை உடைத்துப் பருப்பாக்கிவிட்டாலும் நல்லது, முழுப் பயறை விரும்புகிற அளவுக்கு இந்த வண்டு பருப்பை விரும்பாது.

களத்துமேடு: இறுக்க மூடுகிற டிரம் ஒன்று இருக்கிறது, ஆனால் இந்தப் பயறுக்கு அது பாதிதான் நிறையும்.

உப்புப்புட்டி: பாதி டிரம் என்றால் பாதிக் காற்று, வண்டு நிம்மதியாகக் குடும்பம் நடத்தும். சின்ன டப்பாக்களில் விளிம்புவரை தட்டித் தட்டி நிரப்புங்கள், எடுக்கும்போது ஒன்று ஒன்றாகத் திறக்கலாம்.