குரூப்ல ஆறு பேர், எழுதினது நான் ஒருத்தி. இது சோம்பலா, வேற ஏதாவதா?

சிரியம்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் ரங்கூன்ல சைக்காலஜி மூணாவது வருஷம். விரும்பி எடுத்த பாடம் இல்ல, பத்தாவது மார்க் என்னை அங்க கொண்டுபோய் விட்டுச்சு. தமிழ் எழுதப் படிக்க ஞாயித்துக்கிழமை கோயில் வகுப்புல கத்துக்கிட்டது. பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

ஆறு பேர் சேர்ந்து ஒரு அசைன்மென்ட். 12 பக்கம் எழுதிக் கொடுக்கணும், ரெண்டு வாரம் கழிச்சு வகுப்பு முன்னாடி நின்னு பேசணும். தலைப்பு என்ன தெரியுமா? மாணவர் வாழ்க்கையில சமூக உளவியல். சிரிக்காதீங்க.

வைபர் ஆப்ல குரூப் ஆரம்பிச்சேன். "யாருக்கு எது பிடிக்குதோ எடுத்துக்கங்க"ன்னு பர்மீஸ்ல மரியாதையாத்தான் போட்டேன். எல்லாரும் பார்த்தாச்சுன்னு காட்டுது. மூணு கட்டைவிரல், ஒரு சிரிக்கிற பூனை வந்துச்சு. அஞ்சாவது ஆள் பையன், அவன் அதுவும் போடல. நாலு நாள் கழிச்சு திரும்பக் கேட்டேன். "உனக்கு எப்படி வசதியோ அப்படியே பண்ணு"ன்னு ஒருத்தி. என் வசதியா!

எங்க தெருவுல அந்த வாரம் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்குத்தான் வரும். தெருவே "மீ லாபி" (கரண்ட் வந்தாச்சு)ன்னு கத்தும், அம்மா எழுந்து தண்ணி மோட்டார் போடுவாங்க, நான் லேப்டாப்பைச் செருகிட்டு உட்காருவேன். 12 பக்கத்துல 9 பக்கம் நான் எழுதினது. மீதி மூணு பக்கம் ஒரு பொண்ணு இணையத்துல இருந்து அப்படியே எடுத்து ஒட்டினது. அதையும் நான்தான் திருத்தினேன். முதல் பக்கத்துல ஆறு பேர் பேரும் ஒரே அளவு எழுத்துல இருக்கு.

இன்னொண்ணும் கேட்கணும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்புல சயாமா (டீச்சரம்மா) போர்டுல எழுதி முடிச்சுட்டு "நாலேலா?"ன்னு கேட்பாங்க. புரிஞ்சுதான்னு அர்த்தம். 60 பேரும் ஒரே ராகத்துல "நாலேபாடே சயாமா". எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியல, ஆனா என் வாயும் அந்த ராகத்தோட சேர்ந்து போகுது. மத்தவங்களுக்கெல்லாம் நிஜமாவே புரியுதா? நான்தான் மக்கா?

பெகு மாமா:

இதுக்கெல்லாம் பேர் வெச்சுப் படிக்கணுமா பாப்பா? சோம்பேறித்தனம்னு ஒரு வார்த்தை போதும். எங்க காலத்துல ஊர் கூடித் தேர் இழுப்போம். யாரும் யாரையும் கூப்பிட மாட்டோம். இப்ப கையில போன் வந்ததும் விரல் மட்டும்தான் வேலை செய்யுது. அடுத்த தடவை அவங்க பேரை எடுத்துட்டுக் கொடு, புத்தி வரும்.

மோல்மேன் டியூஷன் அக்கா:

தங்கச்சி, நானும் இதே பாடம் படிச்சவதான், இப்ப பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கறேன். மாமா கோவிச்சுக்கக் கூடாது, அவர் சொன்ன தேர்லேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

ரிங்கல்மேன்னு பிரான்ஸ்ல ஒரு விவசாயப் பொறியாளர். ஆளுங்களைக் கயிறு இழுக்க விட்டு பலத்தை அளந்தார். 1913ல அச்சுல வந்துச்சு. ஒருத்தர் தனியா இழுக்கற பலத்தை 100ன்னு வெச்சா, எட்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்குப் பாதியளவுதான் தேறிச்சு. ஒரே நேரத்துல எல்லாரும் இழுக்காததால வர்ற நஷ்டம்னுதான் முதல்ல நினைக்கத் தோணும். 1974ல இங்கம்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் அதைச் சோதிச்சாங்க. ஆளோட கண்ணைக் கட்டி, பின்னாடி நாலஞ்சு பேர் இழுக்கறதா நம்ப வெச்சாங்க. உண்மையில கயித்துல அவர் ஒருத்தர்தான். அப்பவும் பலம் குறைஞ்சுது. அதாவது பின்னாடி ஆள் இருக்குங்கற நினைப்பே கையைத் தளர்த்துது. அவருக்கே அது தெரியாது, "முழு பலத்தோடதான் இழுத்தேன்"னு சத்தியம் பண்ணுவார். இதைத்தான் உன் புத்தகத்துல சோஷியல் லோஃபிங்னு போட்டிருப்பாங்க.

எங்க ஊர்க் கோயில்ல அன்னதானத்துக்கு முதல் நாள் ராத்திரி வெங்காயம் உரிக்கறதைப் பார்த்திருக்கணும். பாய் விரிச்சு வரிசையா உட்காருவாங்க, ஆளுக்கு ஒரு அருவாமணை, ஆளுக்கு ஒரு தாம்பாளம். பேசிக்கிட்டே கண்ணு மட்டும் பக்கத்துத் தாம்பாளத்து மேல இருக்கும். "என்னடி, ஒன்னோடது இன்னும் தட்டு தெரியுது?"ன்னு ஒரு ஆத்தா கேட்டா போதும், அடுத்த நிமிஷம் கை பறக்கும். அதே பெண்கள், அதே பக்தி. மறுநாள் பந்தி முடிஞ்சதும் அடிப்பிடிச்ச சாம்பார் அண்டா ரெண்டு கிணத்தடியில கிடக்கும், சாயங்காலம் வரைக்கும் ஈ மொய்க்கும். அண்டா யாரோடதும் இல்லையே. கடைசியில எங்கம்மாதான் தேங்கா நார் எடுத்துட்டுப் போவாங்க. உன்னை மாதிரி ஒருத்தி எல்லா ஊர்லயும் உண்டு.

யாரு எவ்வளவு செஞ்சாங்கன்னு தனித்தனியா தெரிஞ்சா இந்தத் தளர்ச்சி பெரும்பாலும் போயிடும். கை தட்டற, கத்தற சோதனைகள்ல லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் காட்டினது அதுதான். உன் 12 பக்கத்துல தாம்பாளம் இல்ல, அண்டாதான் இருந்துச்சு. "யாருக்கு எது பிடிக்குதோ"ங்கறது அண்டாவைக் கிணத்தடியில வெச்சுட்டு வர்ற மாதிரி.

கட்டைவிரல் விஷயம் கொஞ்சம் வேற. 1964ல நியூயார்க்ல கிட்டி ஜெனோவீஸ்னு ஒரு பொண்ணு தன் வீட்டுக்கிட்ட கொலையானாள். 38 பேர் பார்த்துட்டுச் சும்மா இருந்தாங்கன்னு பத்திரிகையில வந்துச்சு. அந்தக் கணக்கு மிகைன்னு பின்னாடி தெரிஞ்சுது, அதை உன் பேச்சுல மறக்காம சொல்லு. ஆனா அந்தச் செய்தியைப் படிச்சுத்தான் டார்லியும் லட்டானேயும் 1968ல ஒரு சோதனை செஞ்சாங்க. மாணவர் தனி அறையில இருக்கார். மைக் வழியா இன்னொருத்தருக்கு வலிப்பு வர்ற சத்தம் கேட்குது. தான் மட்டும்தான் கேட்கறோம்னு நினைச்சவங்கள்ல 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் முடியறதுக்குள்ள உதவி தேடிப் போனாங்க. இன்னும் நாலு பேர் கேட்கறாங்கன்னு நினைச்சவங்கள்ல போனது 31 சதவீதம். எனக்கு இதுல பிடிச்ச இடம் ஒண்ணு உண்டு. எழுந்து போகாதவங்க கல்நெஞ்சுக்காரங்களா இல்ல. கை நடுங்க, உள்ளங்கை வேர்க்க உட்கார்ந்திருந்தாங்க. உன் குரூப்ல அந்தப் பூனை போட்டவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாளோ என்னவோ.

நீ மக்கு இல்ல. மத்தவங்க முகம் அமைதியா இருக்கு, அதனால அவங்களுக்குப் புரிஞ்சிருக்குன்னு நீ கணக்குப் போடற. உன் முகமும் அமைதியாத்தான் இருக்கு, அதைப் பார்த்து அவங்க அதே கணக்கைப் போடறாங்க. மில்லரும் மெக்ஃபார்லண்டும் 1987ல மாணவங்களுக்கு வேணும்னே புரியாத கட்டுரை ஒண்ணைக் கொடுத்து, சிரமமா இருந்தா வந்து கேட்கலாம்னாங்க. எழுந்து வர ஆளில்ல. "எனக்குக் கூச்சம், அதான் கேட்கல. மத்தவங்களுக்குப் புரிஞ்சிருக்கும், அதான் கேட்கல." 60 பேர் தலைக்குள்ளயும் இதே ரெண்டு வாக்கியம்.

ஒண்ணு கேட்கட்டா? வேற யாராவது ஆரம்பிச்ச குரூப்ல நீ என்ன போடுவ?

பாங்காக்ல ஒருத்தன்:

அக்கா, நல்லா எழுதறீங்க. ஆனா இதெல்லாம் அமெரிக்கா காலேஜ் பசங்களை வெச்சு செஞ்சது. நம்ம ஊர்ல வாய் திறக்காததுக்கு வேற காரணம் இருக்கு. ஆனாடே! நேர்ப்பொருள் பார்த்தா "பலம் நோகுது"ன்னு வரும், தமிழ்ல அதுக்குச் சரியான வார்த்தை கிடையாது. சங்கடம்னா பாதி, மரியாதைன்னா பாதி. புரியலைன்னு சொன்னா சயாமா சரியா நடத்தலைன்னு ஆயிடும். அவங்க முகம் வாடும். அதுக்குப் பயந்துதான் 60 பேரும் பாட்டுப் பாடறாங்க. அது அறியாமை இல்ல, வளர்ப்பு.

எனக்கே நடந்திருக்கு. இங்க வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் மேனேஜர் தாய்லாந்து மொழியில ஏதோ சொன்னார், நான் தலையாட்டினேன். ஃப்ரீசரை அணைக்கச் சொன்னாரா, அணைக்காதேன்னு சொன்னாரான்னு தெரியல. திரும்பக் கேட்க ஆனாடே. 40 கிலோ மீன் போச்சு.

மோல்மேன் டியூஷன் அக்கா:

தம்பி, மீனுக்கு அனுதாபம். நீ சொல்றதுல நியாயம் இருக்கு, பாதி நியாயம்.

1951ல ஆஷ்னு ஒரு உளவியலாளர் கோடு காட்டி ஒரு சோதனை செஞ்சார். மூணு கோட்டுல எது காட்டின கோட்டோட நீளத்துக்குச் சமம்னு குழந்தைகூடச் சொல்லும். முன்கூட்டியே சொல்லி வெச்ச ஆளுங்க எல்லாரும் தப்பா சொல்வாங்க. மூணுல ஒரு பங்கு தடவை நிஜ ஆளும் கூட்டத்தோட சேர்ந்து தப்பைச் சொன்னார். இதைப் பல நாட்டுல திரும்பச் செஞ்சு பார்த்ததை 1996ல பாண்டும் ஸ்மித்தும் தொகுத்தாங்க. 17 நாடு, 133 ஆய்வு. கூட்டு வாழ்க்கைக்கு மதிப்புக் கொடுக்கற ஊர்கள்ல இந்த ஒத்துப்போறது கூடுதல். இது உன் பக்கம்.

ஆனா கயிறு இழுக்கற கதை உன் பக்கம் வராது. காரோ, வில்லியம்ஸ் ரெண்டு பேரும் 1993ல சோம்பல் ஆய்வுகளை ஒண்ணு சேர்த்துப் பார்த்தாங்க. கிழக்கு நாடுகள்ல சோம்பல் குறைவு. பெண்கள்கிட்டயும் குறைவு. மாமா குறிச்சுக்கணும். ஆக நம்ம ஆளுங்க வாயைத் திறக்க மாட்டாங்க, வேலைன்னு வந்தா கையைக் கட்டிக்க மாட்டாங்க. அப்படிப்பட்ட ஊர்ல ஆறு பேர்ல நாலு பேர் சும்மா இருந்தாங்கன்னா வேலை அவங்க கைக்குப் போய்ச் சேரலைன்னுதான் நான் சந்தேகப்படுவேன்.

அப்புறம் ஆஷ் விஷயத்துல இன்னொண்ணு. கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியான பதிலைச் சொல்லிட்டா, ஒத்துப்போறது மளமளன்னு இறங்கிடும். ஒருத்தர் போதும்.

சிரியம்பொண்ணு:

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். பரீட்சை.

அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வெட்கமா இருக்கு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் குரூப்னு வேற ஒண்ணு இருக்கு, அதை ஆரம்பிச்சது வேற பொண்ணு. மேல தள்ளிப் பார்த்தேன். அவ ஆறு தடவை கேட்டிருக்கா. என் பதில்: ரெண்டு கட்டைவிரல், ஒரு "ஹொக்கெ" (சரிங்க). எந்த வேலையும் செய்யல. அப்ப எனக்கு நிஜமாவே வேலை இருந்துச்சுன்னுதான் ஞாபகம்! என்னைப் பத்தி அவ எந்த ஊர் ஃபோரத்துல எழுதினாளோ.

பேச்சுக்கு மாமா சொன்னபடி பேரை எடுக்கல, பேரைப் போட்டேன். அஞ்சு பேருக்கும் தனித்தனியா அனுப்பினேன். "நீ ஆஷ், மூணு நிமிஷம், வியாழக்கிழமைக்குள்ள" இப்படி. மூணு பேர் சொன்ன நாள்ல கொடுத்தாங்க. பூனை போட்டவ ஒரு நாள் முன்னாடியே கொடுத்தா, என்னோடதைவிட நல்லா இருந்துச்சு (அதுல கொஞ்சம் எரிச்சல்கூட வந்துச்சு). பதில் போடாத பையனை நான் திமிர் பிடிச்சவன்னு அம்மாகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவங்க வீட்டுல மொயிங்கா (மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ்) கடை, காலை மூணு மணிக்கு எழுந்து மீன் குழம்பு கிளறுவானாம். போன் அப்பாவோட சேர்த்து ஒண்ணுதான். வைபர்ல பார்த்தாச்சுன்னு காட்டினது அவங்க அப்பா பார்த்தது. லைன் கார்ல (எங்க ஊர் பஸ்) வரும்போது சொன்னான். அடுத்தவன் செஞ்சா அவன் குணம், நாம செஞ்சா நம்ம சூழ்நிலை. அதுக்கும் புத்தகத்துல பேர் இருக்கு, அந்தப் பக்கத்தை எழுதினதே நான்தான்.

இன்னைக்கு சயாமா திரும்பவும் "நாலேலா?"ன்னாங்க. ஆஷை நினைச்சுக்கிட்டு கை தூக்கினேன். 59 தலை திரும்புச்சு. சயாமா கோவிக்கல, முகமும் வாடல. போர்டை அழிச்சுட்டு முதல்லேர்ந்து பத்து நிமிஷம் சொன்னாங்க. பின்னாடி பெஞ்சுல எல்லாரும் வேகமா எழுதற சத்தம் கேட்டுச்சு. முடிச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே "இப்ப நாலேலா?"

நாலேபாடே சயாமான்னுட்டேன்.

புரியல அக்கா. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்னு சொல்லி எண்ணிக்கையில ஒண்ணைக் கழிக்கிறாங்களே, அந்த ஒண்ணை எதுக்குக் கழிக்கிறாங்க?

பெகு மாமா:

சொல்லும்மா மோல்மேன், நானும் படிச்சுட்டுத்தான் தூங்கப் போறேன்.