விசாரணைக்கு முன்பே வழக்கைத் தள்ளலாமா?

வாதிபக்கம்:
‘ஆதாரமில்லாத வழக்கைத் தள்ளுபடி செய்தால் என்ன தப்பு?’ என்று நேற்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தில் 12(பி)(6) மனு, அதாவது ஆரம்பத்திலேயே வழக்கைத் தள்ளச் சொல்லிப் பிரதிவாதி போடும் மனு, வரும் கட்டத்தில் ஆதாரம் கேட்கவே கூடாது, தப்பு அங்கேதான். வாதி தாக்கல் செய்த பிராதில் சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டு, சட்டத்தில் அதற்கு நிவாரணம் உண்டா என்று மட்டும் பார்க்க வேண்டும். 1957-ல் கான்லி வழக்கில், தங்கள் சங்கமே தங்களைக் கைவிட்டது என்று ஹூஸ்டனின் கறுப்பின ரயில்வே தொழிலாளர்கள் வந்தார்கள். எதை நிரூபித்தாலும் வாதிக்கு நிவாரணம் கிடைக்காது என்பது சந்தேகமறத் தெரிந்தால்தான் தள்ளுபடி என்றது உச்ச நீதிமன்றம். ஐம்பது வருஷம் நின்ற அளவுகோலை 2007-ல், டுவாம்ப்ளி வழக்கில், நம்பத்தகுந்த சங்கதிகள் பிராதிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விதி56:
டுவாம்ப்ளி பிராதில் என்ன இருந்தது என்பதையும் சொல்லுங்கள் சார். தொலைபேசிக் கம்பெனிகள் ஒன்றின் வட்டாரத்துக்குள் இன்னொன்று போட்டிக்குப் போகவில்லை, ஆகவே கூடிப் பேசியிருக்கிறார்கள். அவ்வளவுதான்! அவரவர் இடத்தில் சும்மா இருப்பதே அவரவருக்கு லாபமாக இருந்திருக்கலாமே? இதை உள்ளே விட்டால் அடுத்து டிஸ்கவரி, அதாவது எதிர்த்தரப்பிடமிருந்து ஆவணங்களையும் வாக்குமூலங்களையும் கேட்டு வாங்கும் கட்டம். வருஷக்கணக்கில் ஆவணம் தோண்டும் செலவுக்குப் பயந்தே பிரதிவாதி சமரசத்துக்கு வருவார், வழக்கு பலமானதோ இல்லையோ.

வாதிபக்கம்:
சதி செய்கிறவன் ரசீது போட்டுக் கொடுப்பானா? கம்பெனியின் பெட்டிக்குள் கிடக்கிற மின்னஞ்சலைப் பார்க்கத்தான் உள்ளே விடச் சொல்கிறோம். ‘முதலில் பார்த்துவிட்டு வா, அப்புறம் விடுகிறேன்’ என்கிறார்கள்.

2009-ல் இக்பால் வழக்கு இன்னும் மோசம். சங்கதி சொல்லாமல் ‘சதி செய்தார்கள்’ என்பதுபோல் எழுதிய வெறும் முடிவுகளைக் கழித்துவிட்டு, மிச்சமிருப்பது நம்பத்தகுந்ததா என்று நீதிபதி தன் அனுபவத்தையும் பொது அறிவையும் கொண்டு பார்க்கலாமாம். யாருடைய பொது அறிவு? டுவாம்ப்ளி தீர்ப்பை எழுதிய நீதிபதி சூட்டரே இக்பாலில் மாற்றுத் தீர்ப்பு எழுதினார், 5-4.

கடைசிபெஞ்ச்:
சட்டம் படிக்காதவன் கேட்கிறேன். சுருக்கத் தீர்ப்பும் இதே கதைதானா?

விதி56:
இல்லை. முழு விசாரணை நடத்தாமலே தீர்ப்புச் சொல்வதுதான் சுருக்கத் தீர்ப்பு. அதற்கான விதி 56-க்கு வரும்போது பெரும்பாலும் டிஸ்கவரி முடிந்திருக்கும். பிராதில் எழுதியதைக் காட்டித் தப்பிக்க முடியாது. பிரமாணப் பத்திரம், வாக்குமூலம், ஆவணம் என்று ஏதாவது வேண்டும். முடிவை மாற்றக்கூடிய சங்கதியில் நிஜமான தகராறு இருந்தால் ஜூரிக்குப் போகும். நிரூபிக்கும் சுமை வாதியுடையது என்றால், ‘உங்களிடம் சான்று இல்லை’ என்று வழக்குப் பதிவுகளைக் காட்டினாலே பிரதிவாதிக்குப் போதும். இது 1986-ல் வந்த செலோடெக்ஸ் தீர்ப்பு. ஆனால் நீதிபதி சான்றை எடை போடக் கூடாது.

வாதிபக்கம்:
ஏட்டில் அப்படி. 2007 ஸ்காட் எதிர் ஹாரிஸ் வழக்கில், போலீஸ் கார் துரத்திய வீடியோவைப் பார்த்துவிட்டு, தப்பி ஓடிய காரை ஓட்டியவர் சொல்வதை எந்த ஜூரியும் நம்பாது என்று எட்டு நீதிபதிகள் முடிவுகட்டினார்கள். அதே வீடியோவைப் பார்த்த ஒன்பதாவது நீதிபதி ஸ்டீவன்ஸுக்கு வேறு மாதிரி தெரிந்தது. எடை போடாமலா?

விதி56:
அதில் எனக்கும் சங்கடம் உண்டு. ஆனால் வீட்டு வராந்தாவில் ஒரு இளைஞரைப் போலீஸ்காரர் சுட்ட 2014 டோலன் வழக்கைப் பாருங்கள். வராந்தாவில் வெளிச்சம் எவ்வளவு இருந்தது, அந்த இளைஞரின் தாய் எப்படிப் பேசினார் என்பதில் சுட்ட போலீஸ்காரர் தரப்பையே கீழ் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து திருப்பி அனுப்பியது.

வாதிபக்கம்:
பதிவில் இரண்டு பக்கச் சான்றும் இருந்ததால் அது முடிந்தது. 12(பி)(6)-ல் செத்த வழக்கில் திருப்பிப் பார்க்க என்ன இருக்கும்?

விதி56:
நியாயம்தான். அதற்குத்தான், தள்ளுவதற்கு முன், வழக்கு எந்தக் கேள்வியில் தடுக்குகிறதோ அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சின்னதாக டிஸ்கவரி கொடுக்கலாம் என்பேன்.

வாதிபக்கம்:
பிராது குறைபட்டிருந்தால் வரம்பு கட்டிய டிஸ்கவரிகூடக் கிடையாது என்று இக்பால் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள் சார்.

விதி56:
அந்தப் பகுதியை மறுபடி படித்துவிட்டு வருகிறேன்.