காப்பிச் சக்கையை நம்பி மோசம் போன கதை

சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் ஒரு பண்ணையில் ஆறு சனிக்கிழமை, மண்ணின் வளத்தை மீட்டெடுக்கும் மீளுருவாக்க வேளாண்மைப் பயிற்சிக்குப் போய் வந்தேன். உழாமல் நடுவது, காய்ந்த தழையால் மண்ணை மூடி மூடாக்கு போடுவது, ஒரே பாத்தியில் நாலைந்து பயிர் கலப்பது எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். அதெல்லாம் யூடியூபிலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது என் மட்குக் குவியலைப் பற்றி.

முதல் வாரமே ஆளுக்கொரு குவியல் போட வேண்டும். கணக்கு சுலபம்தான். ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு கரிமம் (கார்பன்). பச்சையும் ஈரமுமானது தழைச்சத்து, காய்ந்து பழுப்பானது கரிமம் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். பசாரிலிருந்து கீரைக் கழிவு வாங்கி வந்தேன். காப்பிக் கடையில் மூன்று பை காப்பிச் சக்கை சும்மாவே கொடுத்தார்கள். பழுப்பாக இருக்கிறதே, கரிமக் கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவித் தொட்டுப் பார்க்கச் சொன்னார் பயிற்சி கொடுத்த அங்கிள். பக்கத்துக் குவியலின் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. உள்ளே 55 டிகிரிக்கு மேல் போனால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகுமாம். என் கம்பி வெதுவெதுப்பாக, வழவழவென்று வந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். அங்கிள் சிரித்துக்கொண்டே, "நிறத்தைப் பார்க்காதே, காப்பிச் சக்கையும் பச்சைதான்" என்றார். அதில் தழைச்சத்து அதிகம். நைசாக இருப்பதால் மழையில் அப்பிக்கொண்டு காற்றையும் அடைத்துவிட்டது.

பிரித்துப் போட்டு, கிழித்த அட்டைப்பெட்டி, மரம் வெட்டிய சிராய், காய்ந்த இலை சேர்த்து மறுபடி அடுக்க அரை நாள் ஆனது. அங்கே வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் வேடிக்கை பார்த்துவிட்டு, "என்னக்கா, ஊர்ல எருக்குழிக்கு யாரு கணக்குப் போட்டா?" என்று சொல்லி ஒரு சட்டி ஆட்டுப் புழுக்கையைக் கொட்டினார். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் ஊரில் வைக்கோல் கிடக்கும், வெயில் காய்ச்சும். இங்கே பச்சைக்குப் பஞ்சமே இல்லை. பிற்பகல் மழையில் எதுவும் காய்வதில்லை, காய்ந்த இலையைத்தான் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

அப்புறம் தார்ப்பாய். மழைக்குப் பயந்து மூடிவிட்டுப் போனேன். மடிப்பில் கைப்பிடியளவு தண்ணீர் தேங்கி, அதில் கொசுப்புழு நெளிந்தது. டெங்கி உள்ள ஊரில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. அன்று வாங்கிய திட்டை இங்கே எழுதவில்லை!

கடைசி வாரம் இரண்டு கண்ணாடி ஜாடித் தண்ணீரில் காய்ந்த மண்கட்டிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று வெறுமனே கிடந்த செம்மண், இன்னொன்று மூடாக்குப் பாத்தி மண். முதல் கட்டி போட்ட வேகத்தில் பொலபொலவென உதிர்ந்து தண்ணீரே செங்கல் நிறமாகிவிட்டது. இரண்டாவது கடைசி வரை கட்டியாகவே இருந்தது. வேரும் பூஞ்சை இழையும் நுண்ணுயிர்ப் பசையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் கேம்பியர் என்ற, தோல் பதனிட உதவும் செடியும் மிளகும் போட்டு மண்ணைச் சாறு பிழிந்துவிட்டு, தோட்டக்காரர்கள் ஜோகூருக்கு நகர்ந்தார்கள் என்று படித்திருக்கிறேன். ஜாடியைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது பூங்காவில் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் ஒரு வாடகைப் பாத்தி வைத்திருக்கிறேன். வெண்டையும் தண்டுக்கீரையும் போட்டிருக்கிறேன். காலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே துப்புரவு செய்யும் அண்ணனிடம் சொல்லி, கூட்டிய காய்ந்த இலையில் ஒரு பை வாங்கிக்கொள்கிறேன். காப்பிக் கடைக்காரர் இன்னமும் சக்கைப் பையை நீட்டுகிறார். ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.