பொதுமக்களுக்கான சுடுதளம்: சத்தம்தான் தடையா?

வெட்டிவேர்:
துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் யாரும் சந்தா இல்லாமல், அன்றைக்கு உண்டான கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டுச் சுடக்கூடிய ஒரு தளம் திறக்க நானும் இரண்டு நண்பர்களும் ஒன்றரை வருடமாக அலைகிறோம். ஊரைத் தாண்டிக் காலி நிலம் இருக்கிறது. பின்னால் இயற்கையாகவே ஒரு குன்று. கருத்துக் கேட்புக் கூட்டம் "சத்தம்" என்ற ஒரே சொல்லில் முடிந்துபோனது. கல்குவாரி வரலாம், கார் பந்தயத் திடல் வரலாம், இது மட்டும் ஆகாதா?

நிழல்குடை:
அந்த ஒரே சொல்லோடு ஆறு வருடமாகக் குடியிருப்பவன் நான். எங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கும் தளம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். .22 என்ற சின்னக் குண்டு ரைஃபிளே குழல்முனைக்குப் பக்கத்தில் 140 டெசிபல் வரும், பெரிய ரைஃபிள்கள் 160-ஐத் தாண்டும். எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது அது குறைந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லாரி இரைச்சலுக்குக் காது பழகும், வெடிக்குப் பழகாது. அடுத்தது எப்போது என்று மனம் காத்துக்கொண்டே இருக்கும். அளக்க வந்தவர்கள் ஒரு மணி நேரச் சராசரி எடுத்தார்கள். ஐம்பது வெடியும் அதில் கரைந்துபோய், "வரம்புக்குள்தான்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் பதுங்கும் நாய்க்குச் சராசரி தெரியாது.

வெட்டிவேர்:
நேரக் கட்டுப்பாடு வைக்கிறோம். சைலன்சர் கட்டாயம் என்றும் சொல்லலாம். அப்புறம் என்ன?

தகரப்பெட்டி:
குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். பதினோரு வருடம் சுடுதள அலுவலராக வேலை பார்த்தவன். சைலன்சர் குழல்முனை வெடிப்பைத்தான் அடக்கும். குண்டு ஒலியைவிட வேகமாக, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டருக்கு மேல் பறக்கும்போது வழிநெடுக எழும் படீர் சத்தத்தை அது தொடாது. பல நாடுகளில் சைலன்சரை வாங்குவதே தனிப் பாடு.

ஆனால் நீங்கள் இருவரும் தவறான இடத்தில் மல்லுக்கட்டுகிறீர்கள். சத்தம் கூட்டத்தைத்தான் கலைக்கும். தளத்தை இழுத்து மூட வைப்பது ஈயம். கணக்குப் போடுங்கள்: .22 குண்டு ஒன்று சுமார் 2.6 கிராம். ஆளுக்கு 50 சுட்டால் 130 கிராம். ஒரு நாளைக்கு நாற்பது பேர் என்றால் ஐந்து கிலோவுக்கு மேல். வருடத்தில் இருநூறு நாள் திறந்தால் ஒரு டன் ஈயம், குண்டைத் தாங்க இலக்குக்குப் பின்னால் இருக்கும் உங்கள் மண்மேட்டுக்குள் இருக்கும், அதுவும் இருப்பதிலேயே சின்னக் குண்டுக்கு. அமிலத்தன்மை உள்ள மண்ணாக இருந்தால் மழைநீரோடு கரைந்து கீழே இறங்கும். அதனால்தான் சுண்ணாம்பு கலந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.5-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை மண்ணைச் சலித்து ஈயத்தைப் பிரிக்க வேண்டும். திட்ட மதிப்பீட்டில் இதற்கு ஒரு வரி போட்டிருக்கிறீர்களா?

குன்று என்றீர்களே, மண்ணா பாறையா? பாறை என்றால் அது தடுப்பு இல்லை, குண்டைத் திருப்பி அடிக்கும் மட்டை. கல் பொறுக்கிய மண்ணைக் கொண்டுவந்து தனியாக மேடு போட வேண்டும். .22 தோட்டாப் பெட்டிகள் பலவற்றில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருக்கும். மேட்டைத் தாண்டும் ஒரு குண்டு 2.4 கிலோமீட்டர் போகலாம் என்று பொருள். நிழல்குடை ஐயா வீடும் அவர் ஊர்த் தளத்தின் அந்த வட்டத்துக்குள்தான்.

நிழல்குடை:
இதை எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை!

வெட்டிவேர்:
அப்படியென்றால் உள்ளரங்கமாகக் கட்டிவிடலாம். சத்தமும் போகாது, குண்டும் போகாது.

தகரப்பெட்டி:
போகாது, சரி. ஈயம் மட்டும் நெஞ்சுக்குள் போகும். தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைப்பு மருந்திலேயே பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. ஒவ்வொரு சூட்டுக்கும் அது புகையாக முகத்துக்கு முன்னால் நிற்கும். சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கி நொடிக்குச் சுமார் 0.38 மீட்டர் வேகத்தில் காற்று தள்ள வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழில் நலக் கழகமான நியோஷின் பரிந்துரை. 15 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் நொடிக்கு 17 கன மீட்டர் காற்று. அவ்வளவையும் வடிகட்ட வேண்டும், குளிர்விக்கவோ சூடாக்கவோ வேண்டும். கட்டிடம் மலிவு, காற்றுதான் விலை. துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசு கிளம்பும். எரியாமல் தரையில் சேரும் வெடிமருந்து தீப்பிடிக்கும். சட்டையிலும் செருப்பிலும் ஒட்டிய தூசு வீட்டுக் குழந்தையிடம் போகும். குழந்தைகளின் ரத்தத்தில் இந்த அளவு ஈயம் வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நிழல்குடை:
பிறகென்ன, திறக்காதீர்கள் என்று நான் சொல்வது சரிதானே?

தகரப்பெட்டி:
இல்லை ஐயா. தளம் இல்லாவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பவர் சுடாமலா இருப்பார்? கைவிடப்பட்ட குவாரியில் டப்பாவை வைத்துச் சுடுவார். அங்கே மேடும் இல்லை, "நிறுத்து" என்று கத்த ஆளும் இல்லை. அந்த ஆள்தான் பொதுத் தளத்தின் பெரிய செலவு. சந்தா கட்டும் சுடும் சங்கத்தில் எல்லாரும் தெரிந்த முகம். பொதுத் தளத்தில் வருபவர் புதியவர். தோட்டா வெடிக்கவில்லை என்றால் "ஏன் சார் சுடவில்லை?" என்று என்னைப் பார்த்துத் திரும்புவார், குழலும் கூடவே திரும்பும். எத்தனை முறை அந்தக் குழலைக் கையால் தள்ளியிருக்கிறேன்! ஆளுக்கு ஒன்றாக ஆறு சுடும் தடத்துக்கு மேல் ஒருவனால் பார்க்க முடியாது என்பது என் அனுபவம்.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் ஆரம்பியுங்கள். 4.5 மில்லிமீட்டர் ரவை, பெட்டிக்குள் பிடித்துவிடலாம். சாதாரணக் கூடம் போதும்.

வெட்டிவேர்:
வேட்டைப் பருவத்துக்கு முன் ரைஃபிளின் குறியைச் சரிபார்க்க வருபவருக்குக் காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்தால் சிரிப்பார். அவர்களுக்காகத்தானே இந்த அலைச்சலே. அதில் நான் இறங்கி வர மாட்டேன். ஆனால் குன்று... பாறைதான் என்று நினைக்கிறேன். நாளை கடப்பாரையோடு போய்ப் பார்க்கிறேன்.

நிழல்குடை:
போகிறபோது பக்கத்துக் கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்றும் அளந்துகொண்டு வாருங்கள்.