அப்டேட்: நேவி ப்ளூவா கரும்பச்சையா, முடிவு பண்ணியாச்சு

படிக்கிற ரூமுக்கு டார்க் நேவி ப்ளூ அடிக்கலாமா கரும்பச்சை அடிக்கலாமான்னு கேட்டிருந்தேன்ல, பச்சைதான். நீங்க சொன்ன மாதிரி சுவத்துல நேரா அடிக்காம பெரிய அட்டைல ரெண்டு கோட் அடிச்சு ஜன்னல் பக்கம், எதிர் சுவரு, மூலைன்னு மாத்தி மாத்தி வச்சுப் பாத்தேன். பகல்ல நேவிதான் சூப்பர், சந்தேகமே இல்ல, ஆனா ராத்திரி 2700 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டதும் வெறும் கருப்பா நிக்குது, அந்த லைட்லயே நீலம் கம்மி, அப்புறம் சுவரு எங்கேருந்து நீலத்த திருப்பி அனுப்பும், பச்சை மட்டும் அப்பவும் பச்சையாவே தெரிஞ்சுது. நான் அங்க உக்கார்றதே ராத்திரிலதான். பல்ப மாத்துன்னு சொன்னவங்களுக்கு: வெள்ளை லைட்ல படிக்க எனக்குப் பிடிக்காது, அவ்ளோதான்.

எல்ஆர்வி, அதாவது பெயிண்ட் நூத்துக்கு எவ்ளோ வெளிச்சத்த திருப்பி அனுப்புதுங்கிற அளவு, அதப் பாக்கச் சொன்னீங்க, ரெண்டுமே 10க்குக் கீழ, அத வச்சு ஒண்ணும் தீரல. பெயிண்டுக்கு அடியில அடிக்கிற பிரைமர் வெள்ளைக்குப் பதிலா சாம்பல் கலர்ல வாங்கியாச்சு, டார்க் ஷேட் அத சீக்கிரம் மூடிடும். ஃபினிஷ் மேட் தான், பளபளப்பா போட்டா சுவத்தோட மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிக் குடுத்துடும். மேட்ல உரசுன தடம் விழும்னு தெரியும், நாற்காலி பக்கம் பாத்துக்கணும். சீலிங் வெள்ளையாவே இருக்கட்டும், அதுக்கு இன்னொரு சண்டை வேணாம்.